செம்பு மக்கில் மாஸ்கோ மியூல்: அம்மா கேட்டது சரியான கேள்விதான்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். பாரில் குடித்துப் பழகிய மாஸ்கோ மியூலை வீட்டிலேயே செய்யலாம் என்று ஆன்லைனில் 4 செம்பு மக் வாங்கினேன். 60 மில்லி வோட்கா, ஒரு கேன் ஜிஞ்சர் ஏல், அரை மூடி எலுமிச்சை, 3 ஐஸ் கட்டி. இருமல் மருந்தில் சோடா ஊற்றியதுபோல் இருந்தது. கடைசி மடக்கில் சில்லறைக் காசை வாயில் போட்டதுபோல ஒரு வாடை வேறு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா மக்கைக் கழுவும்போது, "செம்புல எலுமிச்சம்பழம் பிழிவாங்களாடா?" என்று கேட்டார். எங்கே தப்பு செய்தேன்?

பதில்: முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பிழியமாட்டார்கள்.

செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்த எதையும் வைப்பதென்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும் என்பது நம் அடுப்படிச் சட்டம். ஈயம் என்றால் வெள்ளீயம், காரீயம் இல்லை. பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பை விட்டு வைத்தால் களிம்பேறி வயிற்றைப் புரட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமலே அறிந்து வைத்திருந்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மாதிரி உணவு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: புளிப்பை அளக்கும் பி.எச். எண் (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்குக் குறைந்த எந்த உணவும் செம்பில் படக்கூடாது. 2017-ல் அயோவா மாநிலத்தின் மதுபானத் துறை, மாஸ்கோ மியூலின் பெயரைச் சொல்லியே இந்த விதியை நினைவூட்டியது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டி இருக்கும். ஜிஞ்சர் ஏலோடு கலந்த பிறகும் அது 6-க்கு வெகு கீழேதான்.

புளி போட்டுத் தேய்த்தால் செம்புக் குடம் எப்படிப் பளபளக்கிறது? மேலே படிந்த கறுப்பைப் புளியின் அமிலம் கரைத்துக்கொண்டு போவதால்தான். குடத்தில் அது சாக்கடைக்குப் போகிறது. உங்கள் மக்கில் அது வோட்காவோடு கலந்து உள்ளே போனது. அந்தக் காசு வாடை அதுதான். ஒரு மக் குடித்ததற்கு யாரும் பயப்பட வேண்டாம். வாரா வாரம் குடிப்பதற்கு அது ஏற்ற பாத்திரமில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மக் எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள். உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் எவர்சில்வரோ நிக்கலோ வெள்ளீயமோ பூசியிருக்கிறது, தாராளமாகக் குடிக்கலாம். உள்ளேயும் செம்பு நிறம் என்றால், மங்கிய ஓர் இடத்தில் ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டு விரலால் தேயுங்கள். அந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாகப் பளிச்சென்று ஆனால் அது வெறும் செம்பு. உங்கள் விவரத்தைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். உள்ளே வார்னிஷ் அடித்து வருபவையும் உண்டு. பத்து முறை நார் போட்டுத் துலக்கினால் அந்த வார்னிஷ் இருக்காது.

இன்னொன்று. செம்பு மக் பானத்தை நெடுநேரம் ஜில்லென்று வைத்திருக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். செம்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தும் உலோகம். உள்ளே ஐஸ் விழுந்த நொடியில் வெளிப்பக்கம் வியர்த்து, கை ஜிலீர் என்கிறது. அந்தச் சுகம் உண்மை. அதே வழியாக உங்கள் கைச்சூடும் அறைச்சூடும் உள்ளே போய் ஐஸைக் கரைக்கின்றன என்பதும் உண்மை. கனமான கண்ணாடி கிளாஸில் குடித்தால் ருசி ஒரு துளி குறையாது. நான் வீட்டில் கிளாஸில்தான் குடிக்கிறேன்.

பிறகு ஏன் செம்பு? எல்லாம் வியாபாரம். இந்தப் பானம் மாஸ்கோவில் பிறந்ததில்லை. 1941-ல் லாஸ் ஏஞ்சலிஸில், சன்செட் ஸ்ட்ரிப்பில் இருந்த 'காக் அண்ட் புல்' என்ற உணவகத்தோடு சேர்த்துத்தான் இதன் கதையைச் சொல்வார்கள். உணவகத்தின் முதலாளி ஜாக் மார்கனிடம் ஜிஞ்சர் பியர் என்ற காரமான இஞ்சிக் குளிர்பானம் விற்காமல் தேங்கிக் கிடந்தது. ஹ்யூப்ளைன் கம்பெனியின் ஜான் மார்ட்டின் ஸ்மிர்னாஃப் வோட்காவின் அமெரிக்க உரிமையை வாங்கிவைத்திருந்தார்; விஸ்கி குடிக்கும் ஊரில் அதைச் சீண்ட ஆளில்லை. விலைபோகாத இரண்டையும் ஒன்றாக ஊற்றினார்கள். அந்தக் கலவை தன்னுடையது என்று அங்கே பார்மேனாக இருந்த வெஸ் பிரைஸும் சொல்லியிருக்கிறார். சில வருடங்கள் கழித்து, புதிதாக வந்த போலராய்டு கேமராவோடு (எடுத்த உடனே படம் தரும் கேமரா) மார்ட்டின் பார் பாராகப் போய், செம்பு மக்கும் வோட்கா பாட்டிலுமாகப் பார்மேன்களைப் படமெடுத்தார். ஒரு படம் அவர்களுக்கு. இன்னொன்றை அடுத்த பாரில் காட்டி, 'பாருங்கள், அங்கே இதுதான் ஓடுகிறது' என்பார். மியூல் என்றால் கோவேறு கழுதை. உதைக்க வேண்டிய பானம் என்று பெயரிலேயே இருக்கிறது.

உங்கள் கிளாஸில் உதைக்க ஆளில்லை. உதை வோட்காவிலிருந்து வருகிறது என்று நினைத்து 60 ஊற்றியிருக்கிறீர்கள். வோட்காவுக்கு இங்கே சொந்த ருசியே கிடையாது, உதைப்பது இஞ்சி. ஜிஞ்சர் ஏல் என்பது இஞ்சி வாசம் காட்டும் இனிப்பு சோடா. ஜிஞ்சர் பியர் தொண்டையில் இறங்கும்போது காரம் தெரிய வேண்டும். பழைய இங்கிலாந்தில் இஞ்சியும் சர்க்கரையும் புளிக்கவைத்துச் செய்ததால் பியர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சாராயம் கலக்காத குளிர்பானம்தான். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கடற்கரை ஓட்டலில் ஜிஞ்சர் பியர் தீர்ந்துபோக, ஏலை ஊற்றிச் சமாளித்தேன். வந்தவர் ஒரு வாய் குடித்தார். ஒன்றும் சொல்லாமல் மக்கை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளிவைத்தார். இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பெங்களூரில் ஃபீவர் ட்ரீ, பண்டபர்க் போன்ற இறக்குமதி ஜிஞ்சர் பியர்கள் பெரிய கடைகளில் கிடைக்கும், விலை கடிக்கும். லண்டனிலோ டொரண்டோவிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கவலையே இல்லை. இலங்கைத் தமிழர் கடையில் எலிஃபண்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் கேளுங்கள். இனிப்பு கொஞ்சம் தூக்கல், அதனால் எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் வீட்டிலேயே இஞ்சிப் பாகு செய்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

100 கிராம் இஞ்சி. முற்றலாகப் பாருங்கள், ஒடித்தால் நார் தெரிய வேண்டும். இளம் இஞ்சியில் வாசம் உண்டு, காரம் போதாது. தோலைக் கரண்டி விளிம்பால் சுரண்டி, நறுக்கி, 100 மில்லி தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். அந்தச் சாற்றை 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் சுண்ணாம்பு கரைத்துவிட்டதுபோல வெள்ளையாக ஒரு படிவு உட்காரும். தீபாவளி லேகியத்துக்கு இஞ்சிச் சாறு எடுக்கும்போது அம்மா தெளிவை இறுத்துக்கொண்டு கீழே கொட்டுவது இதைத்தான். இது நஞ்சு என்று சொல்வார்கள். நஞ்சில்லை, இஞ்சியின் மாவுச்சத்து. ஆனால் கொட்டுவது சரி. இது சோடாவில் விழுந்தால் ஒவ்வொரு துகளும் ஒரு குமிழியைக் கிளப்பிவிடும்; பொங்கி வழிந்துவிட்டுச் சோடா சப்பென்று நிற்கும்.

தெளிந்த சாற்றில் 90 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, கரையும்வரை கிளறுங்கள். அடுப்பில் ஏற்றாதீர்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். பச்சை இஞ்சியின் சுரீர் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். கொதிக்கவைத்தால் அதில் ஒரு பகுதி காரம் குறைந்த, இனிப்பு வாசமுள்ள ஜிஞ்சரோனாக மாறிவிடுகிறது. இஞ்சி டீக்கு அது நல்லது, மியூலுக்கு ஆகாது. காய வைத்தால் கதை வேறு. ஜிஞ்சரால் ஷோகால் ஆகிறது. அது இன்னும் காரம். இஞ்சியைவிடச் சுக்கு ஏன் எரிகிறது என்பதற்கு விடை இதுதான். அதனால் என் கைப்பழக்கம் ஒன்று: தட்டிய சுக்கு ஒரு விரல்கணு அளவும் நாலைந்து மிளகும் பாகில் போட்டு, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து வடிகட்டுவேன். பச்சை இஞ்சி நாக்கின் நுனியைத் தொடும். சுக்கு ஒரு நொடி கழித்துத் தொண்டையில் வந்து நிற்கும்.

இந்தப் பாகு சுமார் 6 கிளாஸுக்கு வரும். பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் 4 நாள் வைக்கலாம். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் செய்முறைகள் இணையத்தில் ஏராளம். கண்ணாடி பாட்டிலை இறுக மூடி மறந்துபோனால் வெடிக்கும், பழக்கமில்லாமல் இறங்காதீர்கள்.

இனி அளவு. உலக பார்மேன்கள் சங்கமான ஐ.பி.ஏ. வைத்திருக்கும் கணக்கு 45 மில்லி வோட்கா, 120 மில்லி ஜிஞ்சர் பியர், 10 மில்லி எலுமிச்சைச் சாறு. நீங்கள் 60-க்கு ஒரு முழு கேன், அதாவது ஐந்து மடங்கு ஊற்றியிருப்பீர்கள். சப்பென்று இனிக்காமல் என்ன செய்யும்? நம் பாகுக்கு 30 மில்லி பாகு, 90 மில்லி சோடா என்று 120-ஐப் பிரித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையை 15 மில்லியாக, அதாவது 3 டீஸ்பூனாக ஏற்றச் சொல்வேன். நம்மூர் சின்ன எலுமிச்சைதான் இதற்குச் சரியான பழம். பெரிய மஞ்சள் லெமனுக்கு இந்தக் கூர்மை வராது. மூடியைக் கசக்கிப் பிழிந்தால் தோலின் கசப்பும் சேர்ந்து இறங்கும்.

வோட்காவில் காசைக் கொட்டாதீர்கள். நடுத்தர விலையில் வாசனை சேர்க்காத எதுவும் போதும். கிரீன் ஆப்பிள், ஆரஞ்சு ரகங்கள் இஞ்சியோடு சண்டை போடும். பாட்டிலை ஃப்ரீசரிலேயே போட்டுவைக்கலாம், வீட்டு ஃப்ரீசரின் குளிருக்கு வோட்கா உறையாது.

ஐஸ் 3 கட்டி போதாது. கிளாஸின் வாய்வரை நிரப்புங்கள். ஐஸ் அதிகமானால் தண்ணியாகிவிடும் என்பது தலைகீழான பயம். கட்டி நிறைய இருந்தால் பானம் சட்டென்று குளிர்ந்துவிடும், கரைவது குறையும். தூளாக்கிய ஐஸ் மட்டும் வேண்டாம், சோடாவின் கேஸை அது பறித்துவிடும். முதலில் வோட்கா, பிறகு எலுமிச்சை, பாகு. ஸ்பூனால் ஒரு சுற்று. கடைசியாக, ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்துத் திறந்த சோடாவை கிளாஸைச் சாய்த்து ஓரமாக இறக்குங்கள். பிறகு கலக்காதீர்கள்; ஸ்பூனை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள். ஒரு எலுமிச்சை வில்லை. புதினா போடுவது உங்கள் இஷ்டம், நான் போடுவதில்லை.

நண்பர்கள் வருகிறார்கள் என்பதால் ஒரு கணக்கு. இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்து சாராய எரிச்சலை மறைத்துவிடும்; ஜூஸ் மாதிரி இறங்கும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதாவது சரியாக 4 மியூல். நம் நாட்டு வோட்கா பெரும்பாலும் 42.8 சதவீதம், வெளிநாட்டு 40-ஐவிட ஒரு படி மேல். வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் சட்டம் அனுமதிக்கும் எல்லை. வண்டி கொண்டுவந்தவருக்குப் பாகும் சோடாவும் எலுமிச்சையும் மட்டும் ஊற்றிக் கொடுங்கள். கிளாஸைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

அம்மாவுக்கும் அதையே கொடுக்கலாம், உப்பை இன்னொரு சிட்டிகை கூட்டி, எவர்சில்வர் டம்ளரில். செம்பு மக் நாலையும் தூக்கிப் போடாதீர்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பழைய பேட்டைப் பக்கம் இன்னமும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வெள்ளீயம்தானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதுவரை அவற்றில் தண்ணீர் வைத்துக் குடியுங்கள்.