வறண்ட ஓடையை ஒட்டி மனை வாங்கலாமா?

சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சி தாண்டி ஏற்காடு அடிவாரத்தில் ஒரு மனை பார்த்திருக்கிறார் வாசகர் ஒருவர். பின்பக்கம் ஓடை. "ஏற்காட்டில் கொட்டித் தீர்த்தபோதுகூட இதில் தண்ணீர் வரவில்லை" என்கிறாராம் விற்பவர். நம்பலாமா என்று கேட்கிறார்.

விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெய்யும் மழை, ஓட்டு வீட்டு முகட்டில் விழுந்த மழை மாதிரி பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்துவிடும். வடக்கே சரிந்த தண்ணீர் வாணியாறாகிப் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து கடலூர் பக்கம் கடலுக்குப் போகிறது. மேற்கே இறங்குவது சரபங்கா. கிழக்காறு, மேற்காறு என்று இரண்டாக வந்து ஓமலூரில் ஒன்றாகி, எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகும். தெற்குச் சரிவு திருமணிமுத்தாறுக்கு. அது சேலம் ஊருக்குள்ளேயே புகுந்து, நஞ்சை இடையாறு அருகே காவிரியைத் தொடுகிறது. அன்றைக்குக் கொட்டிய மழை வாணியாற்றுப் பக்கம் போயிருந்தால் உங்கள் ஓடை எப்படி நனையும்?

உங்கள் சரிவில் பெய்யும் நாளைத்தான் யோசிக்க வேண்டும். சேர்வராயன் கோயில் உச்சி 1,623 மீட்டர், சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர். இவ்வளவு உயரத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள் இறங்கும் தண்ணீர், யோசிக்க நேரம் தராது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே ஓடை பொங்கலாம்.

சரி, நேரில் போய் என்ன பார்ப்பது? ஓடைக்குள் இறங்குங்கள். வெறும் மணலும் முள்ளும்தான் என்றால் ஓரளவு நிம்மதி. தலையளவு உருண்டைக் கற்கள் கிடந்தால், அவற்றை மேலிருந்து உருட்டி வந்தது தண்ணீர்தான். அப்புறம் கரையோர வேலமரங்களைப் பாருங்கள். கிளைகளில் சருகும் பாலித்தீன் பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறதோ, அதுவரைக்கும் வெள்ளம் ஏறியிருக்கிறது. அந்த மட்டத்தை மனையின் தரைமட்டத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் வயதான அம்மா யாராவது இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக, கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊரின் நில விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) கேட்டுப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்று இருக்கும் அகலத்தை டேப் வைத்துத் தரையில் அளந்து பார்க்க வேண்டும். காகிதத்தில் அகலமாகவும் தரையில் குறுகலாகவும் இருந்தால், மீதி ஓடை உங்களுக்கு விற்கப்படும் மனைக்குள் இருக்கிறதா என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.