டொபமின் கலங்கள்: இந்த முறை வந்த கேள்விகள்

நடுமூளையில் டொபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்களைப் பற்றி எழுதியதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பார்க்கின்சன் நோயில் அழிவது இந்தக் கலங்கள்தான். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: பார்க்கின்சனுக்குக் காசு கொடுத்து ஸ்டெம் செல் ஏற்றலாமா? அதற்குக் கீழே நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். "எத்தனை குளிசை போடலாம்" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

நடுமூளையில் இருக்கும் ஒரு ஸ்டெம் செல்லுக்கு, தான் டொபமின் கலமாக வேண்டும் என்று எப்படித் தெரியும்? பரீட்சைக்கு வருமா? (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

ஸ்டெம் செல் என்பது வேறு வகைக் கலமாக மாறக்கூடிய மூலக்கலம். இருக்கும் இடம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்கிறது, பிள்ளை. முளையத்தின் நரம்புக்குழாயில் (பிறகு மூளையாகவும் முண்ணாணாகவும் வளர்வது அதுதான்), நடுமூளைப் பகுதியின் அடித்தட்டில், அதாவது குழாயின் கீழ்ப்பக்கச் சுவரில், இருக்கும் கலங்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. குழாய்க்குக் கீழே ஓடும் முதுகுநாணும் பிறகு அடித்தட்டும் சுரக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற புரதம் மேல்-கீழ் திசையை உணர்த்தும். நடுமூளையும் பின்மூளையும் சந்திக்கும் எல்லையிலிருந்து வரும் எஃப்ஜிஎஃப்8 என்ற புரதம் முன்-பின் திசையை உணர்த்தும். வின்ட்1 என்ற இன்னொரு புரதமும் கூடவே வேலை செய்யும். இவையெல்லாம் சேரும் இடத்தில் ஃபொக்ஸ்ஏ2, எல்எம்எக்ஸ்1ஏ ஆகிய மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. கலம் பிரிவதை நிறுத்தும்போது நர்1, அதற்குப் பிறகு பிட்எக்ஸ்3. நர்1 இல்லாமல் பிறக்கும் எலிக்கு நடுமூளை டொபமின் கலங்களே இருக்காது. பிட்எக்ஸ்3 இல்லாவிட்டால், நடுமூளையில் அசைவுக்கான டொபமின் கலங்கள் இருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராதான் பெரிதாக அடிவாங்கும்; பக்கத்தில் இருக்கும் விடிஏ என்ற டொபமின் பகுதி ஓரளவு தப்பிவிடும்.

மனிதரில் இதெல்லாம் கருவின் 6ஆம் கிழமைக்கும் 8ஆம் கிழமைக்கும் இடையில் மும்முரமாக நடக்கிறது. அநேகம் பெண்கள் கர்ப்பம் என்று தெரிந்துகொண்டு கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்.

பரீட்சைக்கு வராது. ஆனாலும் கேட்டாயே, சந்தோஷம்.

மொத்தம் எத்தனை டொபமின் கலங்கள்? (தெஹிவளை)

நடுமூளையில் இரண்டு பக்கமும் சேர்த்து 4 முதல் 6 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையின் மொத்த நரம்புக்கலங்கள் 8,600 கோடியளவு. பார்க்கின்சனில் கை நடுக்கம் வெளியே தெரியும் நேரத்தில் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் பாதியளவு போயிருக்கும்.

வாழைப்பழத்தில் டொபமின் இருக்கிறதாம். அப்பாவுக்குத் தினமும் கொடுக்கலாமா?

கொடுங்கள், மலச்சிக்கலுக்கு நல்லது. அதிலுள்ள டொபமின் குருதி-மூளைத் தடையைத் தாண்டாது.

யமனாகா 2006இல் ஸ்டெம் செல்லைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கினார் என்பதை ஏன் எழுதவில்லை? (மருதானை)

நடக்காததை எப்படி எழுதுவது? மனித முளைய ஸ்டெம் செல்லை ஆய்வுகூடத்தில் முதலில் வளர்த்தெடுத்தது தொம்சன் குழு, 1998இல். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகாவின் குழு செய்தது வேறு: முதிர்ந்த தோல் கலத்தை நான்கு மரபணுக்களால் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கியது. எலியில் 2006, மனிதக் கலத்தில் 2007. நோபல் 2012இல், ஜோன் கேர்டனுடன் சேர்த்து. ஒரு வரிக் கேள்வியில் இத்தனை பிழை. அனுப்புமுன் ஒருமுறை தேடிப் பார்த்திருக்கலாம்.

அம்மாவுக்குப் பார்க்கின்சன் வந்து எட்டு வருடம். வெளிநாட்டில் ஒரு கிளினிக், தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைச் சேலைனோடு ஏற்றினால் சுகமாகும் என்கிறது. டொலரில் கேட்கிறார்கள். காணியை விற்கலாமா? (கொட்டாஞ்சேனை, இதே மாதிரி இன்னும் பலர்)

விற்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

"ஸ்டெம் செல்" என்று யாராவது சொன்னால் உங்கள் முதல் கேள்வி "எந்த ஸ்டெம் செல்?" என்பதாக இருக்க வேண்டும். இதை எத்தனை தரம் எழுதினாலும் விளம்பரம்தான் ஜெயிக்கிறது. தொப்புள்கொடியிலும் கொழுப்பிலும் எடுப்பவை பெரும்பாலும் மெசன்கைமல் கலங்கள். அவற்றின் வழமையான வேலை எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு. மேலே மாணவிக்குச் சொன்ன அந்தப் பாதையில் அவை ஒருநாளும் கால் வைத்ததில்லை. போதாததற்கு, நாளத்தில் ஏற்றினால் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நெல் மூட்டையைக் காலி வீதியில் கொட்டிவிட்டுக் கிளிநொச்சியில் அறுவடைக்குப் போய் நிற்பது மாதிரித்தான்.

ஒழுங்காகச் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அடித்தட்டு என்பது நரம்புக்கலம் தராத பகுதி என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். நடுமூளையில் அப்படியில்லை, டொபமின் கலங்கள் அங்கிருந்துதான் வருகின்றன என்பது 2007 அளவில்தான் தெளிவானது. அதற்கு முன் ஆய்வுகூடத்தில் வேறு வழியால் செய்த கலங்கள், தட்டில் பார்க்க நன்றாக இருந்தன. மூளையில் வைத்தால் நிலைக்கவில்லை. 2011இல் ஸ்ட்யூடர் குழு, கலங்களை முதலில் அடித்தட்டாக்கி, வின்ட் சமிக்ஞையை ஒரு இரசாயனத்தால் தூண்டி, முளையத்தில் நடப்பதையே தட்டில் நடத்திக் காட்டியது. எலியிலும் நிலைத்தன.

அந்த வழியில் வந்தவைதான் 2025 ஏப்ரலில் முடிவு வெளியான இரண்டு பரிசோதனைகளும். ஜப்பானின் கியோட்டோவில் ஐபிஎஸ் கலங்களிலிருந்து (யமனாகா வழியில் பின்னோக்கித் திருப்பிய கலங்கள்) செய்ததை 7 பேருக்கு வைத்தார்கள். இரண்டு வருடம் பார்த்தார்கள். பயன் அளந்த 6 பேரில் 4 பேருக்கு, மருந்து இல்லாத வேளையிலும் அசைவு கொஞ்சம் தேறியது. அமெரிக்கா-கனடாவில் முளைய ஸ்டெம் செல்லிலிருந்து செய்ததை 12 பேருக்கு வைத்து 18 மாதம் பார்த்தார்கள். இரண்டிலும் முதற்கேள்வி "ஆபத்தில்லையா?" என்பதுதான். ஒப்பிட்டுப் பார்க்க, கலம் வைக்காத குழு இல்லை. மண்டையோட்டில் துளையிட்டு, ஊசியால், உரிய இடத்தில் வைத்த சத்திரசிகிச்சை அது. கூடவே நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள். சேலைன் போத்தலில் தொங்கவிடவில்லை.

இப்போது அந்தக் கிளினிக்கிடம் கேளுங்கள்: எந்த ஸ்டெம் செல்? எந்தக் கட்டத்துக் கலம்? மூளையின் எந்த இடத்தில் வைப்பீர்கள்? ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை நோயாளியிடம் சிகிச்சைக்கென்று ஒரு வீட்டின் விலையைக் கேட்பதில்லை. "நூற்றுக்கு நூறு" என்று உறுதியும் தராது.

இன்னொன்று. ஏற்றப் போகுமுன் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூளையில் டொபமினாக மாறும் மருந்தான லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

மகனின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம். தாத்தாவின் பார்க்கின்சனுக்கு உதவுமா?

உதவாது. அதில் இருப்பது இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல். இரத்த நோய்களுக்கு ஆகும்.

இழந்தது சப்ஸ்டான்ஷியா நைக்ராவில். அப்படியிருக்கக் கலங்களை ஏன் பியுட்டமனில் வைக்கிறார்கள்? (மருத்துவ மாணவர்)

நல்ல கேள்வி, இந்தக் கடிதக் கட்டில் வந்ததிலேயே நல்லது. நடுமூளைக் கலங்கள் டொபமினைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம் ஸ்ட்ரையாட்டம்; பியுட்டமன் அதன் ஒரு பகுதி. முளையத்தில் நடுமூளையிலிருந்து ஸ்ட்ரையாட்டத்துக்குத் தூரம் குறைவு, வழிகாட்டும் மூலக்கூறுகளும் இருக்கும். வளர்ந்த மூளையில் பாதை நீளம், வழிகாட்டிகளும் போதாது. அதனால் டொபமின் தேவைப்படும் இடத்திலேயே குடிவைக்கிறார்கள். கலம் பழைய வீட்டில் இல்லை என்பதால், அதற்கு வர வேண்டிய உள்ளீடுகள் முழுதாக வராது. அது குறைதான். முன்பு கருத்திசுவை வைத்த காலத்தில், 2001இலும் 2003இலும் வெளியான பரிசோதனைகளில் சிலருக்கு மருந்தை நிறுத்தியும் அடங்காத அசைவுகள் வந்தன. செரட்டோனின் என்ற வேறு இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் கலந்திருந்ததும் ஒரு காரணம் என்று சந்தேகிக்கிறார்கள். எஃப்ஜிஎஃப்8 எல்லைக்கு அந்தப் பக்கம், பின்மூளையில் பிறப்பவை அவை. ஒட்டுக் கலங்களிலும் பத்துப் பதினைந்து வருடத்தில் லெவி உடல்கள் (பார்க்கின்சனில் கலத்துக்குள் சேரும் புரதக் கட்டிகள்) தென்பட்டதை 2008இல் அறிவித்தார்கள். அதையும் படித்து வையுங்கள்.

பூனைக்காலி விதையைப் பொடியாக்கிக் குடிக்கலாமா?

அதில் உண்மையிலேயே எல்-டோபா, அதாவது லெவோடோபா, இருக்கிறது, அதுதான் பிரச்சினை. எவ்வளவு என்று விதைக்கு விதை மாறும். குளிசையோடு சேர்ந்தால் அளவு கூடிப்போகும். வைத்தியருக்கு மறைத்துக் குடிக்காதீர்கள். குளிசையை நிறுத்திவிட்டும் குடிக்காதீர்கள்; மேலே சொன்னதுதான்.

ஒரு கிழமை ஃபோனைத் தொடாவிட்டால் டொபமின் கலம் புதிதாக முளைக்குமா?

முளைக்காது. ஃபோனைத் தொடாமலிருங்கள், நித்திரையாவது வரும்.

தட்டில் செய்ய எவ்வளவு காலம்? வைத்த அடுத்த மாதமே பலன் தெரியுமா? (கொள்ளுப்பிட்டி)

ஸ்டெம் செல்லிலிருந்து வைக்கக்கூடிய முன்னோடிக் கலம் வரை இரண்டு முதல் நான்கு கிழமை போகும். முழுதாக முதிர்ந்த நரம்புக்கலத்தை வைப்பதில்லை. நீண்டு வளர்ந்த இழைகள் ஊசியில் போகும்போதே அறுந்துவிடும். வைத்த பிறகு மனிதக் கலம் தன் பாட்டில், ஆறுதலாகத்தான் வளரும். எலி மூளைக்குள் வைத்தாலும் எலியின் வேகத்துக்கு ஓடாது, அசைவு திரும்ப நான்கு, ஐந்து மாதம் எடுக்கிறது. மனிதரில் அதைவிடக் கூட. அடுத்த மாதம் அம்மா எழுந்து நடப்பார் என்று சொல்பவரிடம் எந்த ஸ்டெம் செல் என்று கேளுங்கள்.