கியூபோனின் அம்மா யார்? சேலம் ரசிகர்களின் போக்கிமான் கேள்விகளுக்குப் பதில்கள்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தியரிகளை, அதாவது ரசிகர்கள் கட்டும் ஊகங்களைப் பற்றியவை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். தியரி பேசுகிறவர்கள்தான் ஒவ்வொரு போக்கிமானையும் பற்றிய குறிப்பேடான போக்கிடெக்ஸைக் கடைசி வரி வரை படிக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதற்கான சாட்சி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறதா?

கேள்வி: அண்ணா, கியூபோன் என்பது அம்மாவை இழந்த குட்டி கங்காஸ்கான்தானே? தலையில் மாட்டியிருக்கும் மண்டை ஓட்டைக் கழற்றினால் அப்படியே கங்காஸ்கான் குட்டி மாதிரி இருக்கும் என்று வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். (பள்ளி மாணவி, அஸ்தம்பட்டி)

இல்லை கண்ணு. உருவம் ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் 1996இல் வந்த முதல் விளையாட்டே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. லாவெண்டர் டவுன் கல்லறைக் கோபுரத்தில் ஓர் ஆவி வழியை மறிக்கும். ஆவிகளை அடையாளம் காட்டும் சில்ஃப் ஸ்கோப் கருவி கையில் இருந்தால்தான் அது யார் என்று தெரியும். அது ஒரு மாரோவாக், அதாவது கியூபோன் வளர்ந்து எடுக்கும் வடிவம். விளையாட்டின் வில்லன்களான ராக்கெட் கும்பல் கொன்றுபோட்ட தாய். அனாதையாக நிற்கும் கியூபோன் அதன் பிள்ளை.

அப்புறம் 1999இல் கோல்டு, சில்வர் பதிப்புகளில் முட்டைகள் வந்தன. கங்காஸ்கான் முட்டையிலிருந்து கங்காஸ்கான்தான் வருகிறது, மாரோவாக் முட்டையிலிருந்து கியூபோன். வழக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் இன்னொன்று பாக்கி இருக்கிறது. கியூபோன் அணிவது இறந்த தாயின் மண்டை ஓடு என்கிறது போக்கிடெக்ஸ். தாய் மாரோவாக் உயிரோடு இருக்கும்போதே பொரிந்து வரும் குட்டியும் ஓட்டோடுதான் வருகிறது. அது யாருடையது? தியரி எழுத ஆசை இருந்தால் இங்கே தொடங்கு, நான் முதல் ஆளாகப் படிக்கிறேன்.

கேள்வி: மியூவைக் குளோனிங் செய்யப்போய்த் தோற்றதில் பிறந்ததுதான் டிட்டோ என்கிறார்களே, நம்பலாமா? (சூரமங்கலம்)

எனக்கு மிகவும் பிடித்த தியரி இது. மியூ மிக அரிய போக்கிமான், டிட்டோ எதிரில் இருப்பதன் உருவத்துக்கு மாறிவிடும் போக்கிமான். இரண்டுக்கும் எடை 4 கிலோ. இரண்டுக்கும் பாலினம் கிடையாது. ஷைனி எனும் அரிய நிற வடிவத்தில் இரண்டுமே நீலம். முதல் தலைமுறை விளையாட்டுகளில் உருமாறும் வித்தையான டிரான்ஸ்ஃபார்மைத் தானாகக் கற்றுக்கொள்வது இந்த இரண்டு மட்டும்தான். சின்னபார் தீவின் பாழடைந்த மாளிகையில் ஒரு நாட்குறிப்பு கிடக்கும். தென் அமெரிக்காவின் கயானா காட்டில் புதிய போக்கிமான் கிடைத்ததும், பிப்ரவரி 6 அன்று மியூ ஈன்ற குட்டிக்கு மியூடூ என்று பெயர் வைத்ததும் அதில் இருக்கிறது. எல்லோ பதிப்பில் அதே மாளிகையில் டிட்டோவைப் பிடிக்கலாம்!

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். தோற்றுப்போன முயற்சி என்று ஒரு சொல்கூட அந்த நாட்குறிப்பில் இல்லை. மியூவே கடைசி நேரத்தில் வந்து சேர்ந்ததுதான். பிழை திருத்தும் கருவிகளை நீக்கியதும் கேட்ரிட்ஜில் சுமார் 300 பைட் இடம் கிடைத்தது. அதில் நிரலாளர் ஷிகெகி மோரிமோட்டோ சத்தமில்லாமல் மியூவைச் செருகிவிட்டார். அப்படி வந்த ஒன்றுக்கும் டிட்டோவுக்கும் முன்கூட்டியே உறவு திட்டமிட்டிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் இந்தத் தியரியைக் கைவிட எனக்கு மனமில்லை.

கேள்வி: பேய் வகைப் போக்கிமான் கெங்கார், கிளெஃபேபிள் என்ற போக்கிமானின் நிழலா? (ஃபேர்லேண்ட்ஸ்)

பாதி மதிப்பெண் தருவேன். உருவமும் எடையும் நெருக்கம்: கிளெஃபேபிள் 40 கிலோ, கெங்கார் 40.5. பௌர்ணமியில் மனிதர்களின் நிழலைப் போல நடித்துப் பயமுறுத்துவது கெங்காருக்குப் பிடிக்கும் என்று போக்கிடெக்ஸும் சொல்கிறது. ஆனால் மனிதர்களின் நிழல் என்றுதான் இருக்கிறது.

கேள்வி: டிவி தொடரின் நாயகன் ஆஷ் முதல் எபிசோடிலிருந்தே கோமாவில் இருக்கிறான், மீதியெல்லாம் கனவு. சரிதானே? (அம்மாபேட்டை)

ஏற்க மாட்டேன் தம்பி. கனவு என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் பொருத்திவிடலாம். பத்து வயதிலேயே நிற்கிறான் என்பதைத் தவிர இதற்கு ஆதாரம் இல்லை. 2022இல் அதுவரை முதலிடத்தில் இருந்த லியானை வென்று உலக சாம்பியன் ஆனானே, அது அவன் உழைத்துச் சம்பாதித்தது.

கேள்வி: பாரிகான் என்ற போக்கிமானைத் தொடரில் ஏன் காட்டுவதில்லை? (செவ்வாய்ப்பேட்டை)

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான, பாரிகான் வந்த எபிசோடில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தொடரே நான்கு மாதம் நின்றது. கதையில் அந்த மின்னலுக்குக் காரணம், ஏவுகணைகள் மேல் பிகாச்சு பாய்ச்சிய மின்சாரம். தண்டனை மட்டும் பாரிகானுக்கு. அதன் அடுத்த வடிவங்களையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். இந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: ஏற்காடு ஏரிக்கரையில் கண்ணெதிரே பனி மூடியிருக்கிறது. 'போக்கிமான் கோ' ஃபோன் விளையாட்டில் வெயில் காட்டுகிறதே? (ஏற்காடு)

மூடுபனி என்று காட்டினால் பேய் வகையும் இருள் வகையும் பலம் பெறும், நீங்கள் காத்திருப்பது அதற்குத்தான் என்று புரிகிறது. விளையாட்டு உங்கள் ஜன்னலைப் பார்ப்பதில்லை. வானிலைத் தரவை வைத்து மணிக்கொரு முறை மாற்றிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தில் வெள்ளைப் பூஞ்சை பூத்துச் செத்துக் கிடக்கும் வண்டுகளைப் பார்த்திருக்கிறேன். முதுகில் காளானோடு திரியும் பாராஸ் இப்படித்தான் வந்ததா? (நாகலூர்)

இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். பாராஸின் முதுகில் இருப்பது புழுக்களைப் பிடித்து வளரும் நிஜப் பூஞ்சையின் சாயல். இமயமலையில் அதைத் தோண்டி எடுத்து விற்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் செத்தது காய்த்துளைப்பான் வண்டு என்றால், அது பெவேரியா பேசியானா பூஞ்சையாக இருக்கலாம். அந்த வண்டை ஒழிக்கவே அதைத் தெளிப்பதும் உண்டு. வித்தியாசம் இதுதான்: பாராஸின் வளர்ந்த வடிவமான பாரசெக்டில் காளான் பூச்சியை ஆட்டிவைக்கிறது. பெவேரியா ஆட்டிவைப்பதில்லை, தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சில நாட்களில் கொன்றுவிடுகிறது.