குரல் நடிகர் ஆகும் ஆசையும் ஏஜென்ட் கேட்கும் நாலரை லட்சமும்

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்கு 23 வயது. பி.காம். முடித்து ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 தேறிவிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே அனிமேவுக்கு, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன்களுக்கு, குரல் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஓர் ஏஜென்ட் வீடியோ காலில் ஆடிஷன் வைத்து, நான் தேர்வாகிவிட்டேன் என்கிறார். டோக்கியோவில் குரல் நடிப்புப் பயிற்சிக் கூடத்தில் இடம், மாணவர் விசா, இரண்டு வருடத்தில் ஏஜென்சி ஒப்பந்தம், மூன்றும் உறுதியாம். முன்பணம் நாலரை லட்சம் ரூபாய், இந்த மாதக் கடைசிக்குள். அம்மாவின் நகையை அடகு வைக்க அப்பா தயாராக இருக்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

ஜப்பானுக்குப் படிக்கவும் வேலைக்கும் வருகிறவர்களின் விசா காகிதங்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. உங்களுக்கு நடிப்பு வருமா என்பது எனக்குத் தெரியாது, அது என் துறையும் இல்லை. ஆனால் அந்த மனிதர் கொடுத்த மூன்று உறுதிகளும் ஒரே இடத்தில் சேரவே சேராது என்பது நன்றாகத் தெரியும்.

அங்கே குரல் நடிப்பு சொல்லித்தரும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று சென்மோன் கக்கோ, அரசு அங்கீகாரம் பெற்ற தொழிற்கல்விப் பள்ளி. பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு, வருடத்துக்குப் பத்து லட்சம் யென்னுக்கு மேல் செலவாகும். இன்னொன்று யோசெய்ஜோ, அதாவது பயிற்சிக் கூடம். இவற்றில் பலவற்றைக் குரல் நடிகர்களுக்கு வேடம் பிடித்துத் தரும் ஏஜென்சிகளே நடத்துகின்றன, அஓனி புரொடக்‌ஷன் என்ற பெரிய ஏஜென்சிக்கு அஓனி ஜுக்கு என்று ஒன்று இருப்பது போல. வாரத்துக்கு ஒன்றிரண்டு வகுப்புதான், கட்டணமும் குறைவு. ஏஜென்சிக்குள் போகும் வாசல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். சென்மோன் கக்கோ முடித்தவர்களிலேயே பலர் அதன்பிறகு ஒரு யோசெய்ஜோவில் போய் மறுபடியும் முதலிலிருந்து உட்காருகிறார்கள்.

மாணவர் விசாவோ முதல் வகைக்குத்தான். வாரம் மூன்று மணி நேரம் நடக்கும் வகுப்பைக் குடிவரவுத் துறை பள்ளிக்கூடமாகவே மதிக்காது. ஆக ஏஜென்சி நடத்தும் பயிற்சிக் கூடம் விசா தராது, விசா தரும் இடம் ஏஜென்சி ஒப்பந்தத்துக்கு உறுதி தராது. உங்கள் ஏஜென்ட் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார் என்றால், விஷயம் தெரியாமல் விற்கிறார் அல்லது தெரிந்தேதான் விற்கிறார். இரண்டாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

அவர் சொல்வது நிஜமாகவே ஒரு சென்மோன் கக்கோ என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என்3 போதாது. அதற்கு அடுத்த மேல்படியான என்2 வேண்டும், இல்லாவிட்டால் ஜப்பானில் அங்கீகாரம் பெற்ற மொழிப்பள்ளியில் குறைந்தது ஆறு மாதம் படித்திருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டு மாணவர்களுக்கான இ.ஜே.யூ. தேர்வின் ஜப்பானிய மொழித் தாளில் 200 மதிப்பெண் வேண்டும். இதை உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். முதலில் மொழிப்பள்ளிக்கு ஒரு பணம், பிறகு தொழிற்பள்ளிக்கு இன்னொரு பணம் என்று டோக்கியோ போய் இறங்கியபிறகுதான் கணக்கு விரியும். அப்போது திரும்பி வர மனசு வராது, ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருப்பீர்கள்.

விசாவைத் தானே வாங்கித் தருவதாகப் பேசுகிறாரே, அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தகுதிச் சான்றிதழ் என்று ஒரு காகிதம், சி.ஓ.இ. என்பார்கள். அதற்குப் பொதுவாக உங்களைச் சேர்த்துக்கொண்ட பள்ளிதான் உங்கள் சார்பில் ஜப்பான் குடிவரவுத் துறையிடம் விண்ணப்பிக்கும். அது கைக்கு வந்ததும் நீங்கள் இங்கே விசாவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். நடுவில் ஏஜென்ட்டுக்கு வேலை என்றால் படிவம் நிரப்புவது, கூரியர் அனுப்புவது. முடிவெடுக்கிற அதிகாரியோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது, அவர் பெயர்கூட அங்கே தெரியாது. ஆகவே 'விசா கேரண்டி' என்று யாராவது சொன்னால் அந்தச் சொல் ஒன்றே போதும், எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்த ஆடிஷன். இது ஜப்பானிலேயே பழைய வித்தை, அங்கே இதற்கு 'ஆடிஷன் வியாபாரம்' என்றே பெயர் இருக்கிறது. ஆடிஷன் வைப்பார்கள், எல்லோரும் தேறுவார்கள், குரல் அபூர்வம் என்பார்கள், ஆனால் கொஞ்சம் பயிற்சி தேவை, அதற்கு இத்தனை லட்சம் யென், இன்றே முடிவு சொன்னால் தள்ளுபடி. ஜப்பானியப் பிள்ளைகளே விழுகிறார்கள், நுகர்வோர் புகார் எண் 188-க்கு அழுதுகொண்டே போன் செய்கிறார்கள். அவர்களுக்காவது வேலை தருவதாக ஆசைகாட்டிப் பணம் வாங்கிய ஒப்பந்தத்தை 20 நாளுக்குள் ரத்து செய்ய சட்டம் வழி வைத்திருக்கிறது. கோவையில் ஓர் ஆளிடம் ஜிபேயில் அனுப்பிய பணத்துக்கு அந்தச் சட்டம் வராது. நிஜ அனிமே ஆடிஷன் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் இதில் விழவே மாட்டீர்கள். தயாரிப்புக் குழு ஏஜென்சிகளுக்குத் தகவல் அனுப்பும், ஏஜென்சி தன்னிடம் உள்ள சிலரின் குரலைப் பதிவுசெய்து அனுப்பும், அதில் பிடித்தவர்களை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள், ஒலி இயக்குநர், பட இயக்குநர் எல்லோரும் கலந்து முடிவெடுப்பார்கள். இதில் நடிகர் யாருக்கும் பணம் கட்டுவதில்லை. ஏஜென்சி தன் பங்கை எடுப்பது நடிகருக்கு வருமானம் வந்தபிறகு அதிலிருந்துதான். முன்னாலேயே கை நீட்டுகிறவர் பள்ளி நடத்துகிறார் அல்லது ஏமாற்றுகிறார், ஏஜென்சி நடத்தவில்லை.

சரி, எல்லாம் நல்லபடியாக நடந்து ஏஜென்சிக்குள் போய்விட்டீர்கள் என்றால் என்ன கிடைக்கும்? மாதச் சம்பளம் இல்லை. ஒப்பந்தம் இருக்கும், வேலைநியமனம் இருக்காது. முதலில் அசுகாரி என்று சும்மா 'வைத்துக்கொள்ளும்' நிலை, பிறகு ஜூனியர், பிறகுதான் மற்றது, ஒவ்வொரு படியிலும் கழற்றிவிடலாம். ஊதியம் நடிகர் சங்கமும் தயாரிப்புத் தரப்பும் ஒப்புக்கொண்ட தரவரிசைப்படி. ஜூனியருக்கு அரை மணி நேர அத்தியாயம் ஒன்றுக்கு அடிப்படை 15,000 யென். நம் பணத்தில் எட்டு, ஒன்பதாயிரம். நாயகி வேடமானாலும் அதே 15,000, கூட்டத்தில் ஒருத்தியாக 'ஐயோ' என்று கத்தினாலும் அதே 15,000. அதிலும் ஏஜென்சியின் பங்கு போய்விடும். வாரம் ஒரு தொடர் கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்கிற நிலையில் மாத வாடகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள்தான் கணக்குப் பார்க்கிறவராயிற்றே. வாய்க்‌ஷன் (VOICTION) என்ற குரல் நடிகர் குழு 2022-ல் தங்கள் துறையினரிடம் நடத்திய கணக்கெடுப்பில், பதில் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் வருடத்துக்கு 30 லட்சம் யென்னுக்குள்தான் சம்பாதித்தார்கள். டோக்கியோவில் அது ஒண்டிக் குடித்தனத்துக்கான பணம். அடுத்த வருடம் அக்டோபரில் புதிய ரசீது வரி முறை வேறு வந்து சேர்ந்தது. அதுவரை சின்ன வருமானக்காரர்களுக்கு இருந்த விற்பனை வரி விலக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவர்கள், அதில் பதிவு செய்துகொண்டால் இப்போது வரியும் கட்ட வேண்டும், காகிதமும் எழுத வேண்டும்.

ஆனால் ஜப்பானியர் அதைச் சமாளிக்க இரவு பகல் பாராமல் கடையில், உணவகத்தில் பகுதிநேர வேலை பார்க்கலாம். உங்களால் முடியாது. மாணவர் விசாவில் இருக்கும்வரை, அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம். படிப்பு முடிந்ததும் அதுவும் போய்விடும். அந்த நாட்டில் 29 வகை வசிப்புத் தகுதிகள் இருக்கின்றன. பேராசிரியருக்கு உண்டு, மதபோதகருக்கு உண்டு, சமையல்காரருக்கு உண்டு. இப்போதுதான் ஏஜென்சிக்குள் கால் வைத்து, மாதம் இரண்டு வேடம் செய்து, மீதி நாளில் கடையில் நிற்கிற ஆரம்பநிலைக் குரல் நடிகருக்கு எதுவும் கச்சிதமாகப் பொருந்தாது. கேளிக்கைத் துறைக்கென்று ஒன்று இருக்கிறது, அதற்கு அழைக்கிற நிறுவனம் ஒப்பந்தம், ஊதியம் எல்லாம் காட்ட வேண்டும், ஒரு புதுமுகத்துக்காக எந்த ஏஜென்சி அந்தப் பாடு படும்? அனிமேவை உலகம் முழுக்கக் கொண்டுபோகிறோம் என்று அமைச்சகங்கள் பெருமையாகப் பேசும், அதைப் பார்த்து ஆசைப்பட்டு வந்த பிள்ளை கவுண்டரில் நின்றால் குடிவரவுத் துறை 'உங்கள் தொழில் எந்தக் கட்டத்தில் வருகிறது' என்று படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும். இதை நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பார் இல்லை.

ஜப்பானியரை மணந்தவர்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் அவர்களில் இல்லை, விடுங்கள்.

உங்களுக்கு உதவக்கூடிய விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மாட்டுகிறவர்களும் உண்டு. வேறு வேலைக்கான விசாவில், உதாரணமாக ஒரு நிறுவனத்தில் கணக்கராகவோ ஐ.டி.யிலோ, டோக்கியோவில் வசிப்பவர் சனி ஞாயிறு யோசெய்ஜோவுக்குப் போகலாமா? போகலாம். பணம் கட்டிக் கற்றுக்கொள்வது வேலை ஆகாது, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அங்கே படிக்கும்போதே வாத்தியார் 'ஒரு விளம்பரத்துக்கு ரெண்டு வரி பேசுகிறாயா, ஐயாயிரம் யென்' என்றால், அது வேலை. தொகை சின்னது என்பதால் விலக்கு இல்லை, ஒரே நாள் என்பதாலும் இல்லை, ரொக்கமாகக் கொடுத்தார்கள் என்பதாலும் இல்லை. அதற்கு முன்பே குடிவரவுத் துறையிடம் தகுதிக்கு வெளியே செய்யும் வேலைக்கான தனி அனுமதி வாங்க வேண்டும். மாணவர்களுக்கு மொத்தமாகக் கிடைக்கும் 28 மணி நேர அனுமதி போன்றது அல்ல அது, யாருக்கு, என்ன வேலை என்று குறிப்பாகக் காட்டிக் கேட்க வேண்டும். முதலில் பேசிவிட்டுப் பிறகு அனுமதி கேட்கிறேன் என்றால் விசா நீட்டிப்பு சமயத்தில் வரிக் காகிதத்தில் அந்த ஐயாயிரம் வந்து நிற்கும். உங்கள் நிறுவனத்தின் விதிகள் பக்கவேலையை அனுமதிக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் எழுத்தில் ஒப்புதல் வேண்டும். ஆக, கற்பதற்குத் தடையில்லை, காசு வாங்குவதற்கு முன் காகிதம் வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்றால் உங்களுக்கு நல்ல வழி இதுதான். உங்கள் பி.காம். பட்டத்தை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள். பல்கலைக்கழகப் பட்டதாரிக்குக் கணக்கியல், வர்த்தகம் சார்ந்த வேலைக்கு விசா கேட்பது, குரல் நடிப்பு டிப்ளமோ வைத்துக்கொண்டு எந்த வேலைக்கு விசா கேட்பது என்று திண்டாடுவதைவிட எவ்வளவோ எளிது. தொழிற்பள்ளியில் படித்தவர்களுக்குப் படித்த பாடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கறாராகப் பார்ப்பார்கள், பட்டதாரிகளிடம் அவ்வளவு கறார் இல்லை. என்2 வாங்குங்கள், டோக்கியோவில் வேலை தேடுங்கள். ஸ்டூடியோக்களும் ஏஜென்சிகளும் பெரும்பாலும் அங்கேதான், ஒசாகாவில் மலிவாக இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது அவர்கள் வசதிக்கு. மற்றபடி சில யோசெய்ஜோக்களில் வயது வரம்பு உண்டு, இப்போதே ஐந்தாறு இடங்களின் விதிகளைப் பார்த்து வையுங்கள்.

இன்னொன்று, மொழித் தேர்வில் பேச்சுத்தேர்வே கிடையாது. என்1 எடுத்தவரும் வாயைத் திறந்தால் உச்சரிப்பு தள்ளாடலாம். குரல் நடிப்பில் டோக்கியோ வழக்கின் சுர ஏற்ற இறக்கம் பிசகினால் முதல் வரியிலேயே காது கொடுக்க மாட்டார்கள். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் உச்சரிப்பு அகராதி ஒன்று வாங்கி, தினமும் வாசித்துப் பதிவுசெய்து கேளுங்கள். 'உய்ரோ உரி' என்று 1718-ல் முதலில் அரங்கேறிய ஒரு கபூக்கி (ஜப்பானிய மரபு நாடகம்) நீள்வசனம் இருக்கிறது, நாக்கு சுளுக்கிக்கொள்ளும், அங்கே பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். செலவு இல்லாத பயிற்சி, நாளைக்கே தொடங்கலாம்.

வெளிநாட்டவருக்கு நடக்கவே நடக்காதா என்றால், நடந்திருக்கிறது. பெய்ஜிங்கில் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்துவிட்டு வந்த ரியூ செய்ரா, அஓனியில் இருக்கிறார். ரஷ்யாவின் நொவோசிபிர்ஸ்கிலிருந்து வந்த ஜேன்யா குரலும் கொடுக்கிறார், அனிமேக்களில் ரஷ்ய மொழி வசனத்தைச் சரிபார்த்தும் தருகிறார். விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான். அவர்கள் கதையை உங்களுக்கு முன்னுதாரணமாகக் காட்டிப் பணம் கேட்டால் அதுவும் ஒரு வியாபாரம்தான்.

அந்த ஏஜென்ட்டிடம் இரண்டே இரண்டு கேள்வி எழுத்தில் கேளுங்கள்: பள்ளியின் ஜப்பானியப் பெயர் என்ன, பணத்தை நான் நேராகப் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே கட்டலாமா. பதில் வராது. 'ஆடிஷன் பதிவுக் கட்டணம்' என்று ஏதாவது ஏற்கெனவே போனில் அனுப்பியிருந்தால் இன்றே வங்கிக்குச் சொல்லிவிட்டு இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குப் புகார் கொடுங்கள், நாள் ஆக ஆகப் பணத்தை நிறுத்துவது கடினம். அவருடைய வாட்ஸப் உரையாடலை அழிக்க வேண்டாம்.