கரையோர நாணல்: எப்போது அறுப்பது, எதற்காக அறுப்பது?

நாணலை அறுத்தால் கடல் எப்படிச் சுத்தமாகும்?

வயல்களிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வந்துசேரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கடலில் பாசியைப் பெருக்குகின்றன. பாசி மடிந்து மட்கும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ஆழம் குறைவான, நீர் மெதுவாக மாறும், வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் இந்தத் தொல்லை அதிகம். நாணல் அந்தச் சத்துகளை உறிஞ்சித் தட்டையிலும் இலையிலும் சேர்த்துவைக்கிறது. அறுத்துக் கரையேற்றினால் அவையும் வெளியேறும். அறுத்ததைத் தண்ணீரிலேயே மிதக்க விட்டால் அங்கேயே அழுகி, சத்தெல்லாம் திரும்பக் கரைந்துவிடும். அதனால் ஏற்றிச் செல்ல ஆளும் வண்டியும் உறுதியான பிறகே அரிவாளை எடுங்கள்.

கோடையில் அறுப்பதா, குளிர்காலத்திலா?

கடலுக்காக என்றால் கோடை. கட்டுமானப் பொருளுக்காக என்றால் குளிர்காலம். இரண்டு பயனும் ஒரே அறுப்பில் முழுதாகக் கிடைக்காது.

கோடை நடுவில் சத்து பெரும்பாலும் பச்சைத் தண்டிலும் இலையிலும் இருக்கும். ஒரு டன் உலர் எடைக்குச் சுமார் 10 கிலோ தழைச்சத்து, 1 கிலோ மணிச்சத்து என்று கணக்கிடலாம். ஹெக்டேருக்கு 5 டன் விளைந்தால் 50 கிலோவும் 5 கிலோவும். இலையுதிர் காலத்தில் இதில் பெரும்பகுதி மண்ணுக்குள் ஓடும் கிழங்குக்கு இறங்கிவிடும், இலையும் உதிர்ந்துவிடும். குளிர்காலத்தில் நிற்பது வெறும் உலர்ந்த தட்டை. கூரைக்கு அது அருமையானது, ஆனால் அதோடு வெளியேறும் சத்து கொஞ்சம்தான்.

சென்ற ஆண்டு அறுத்த இடத்தில் நாணல் மறுபடி முளைக்கவே இல்லை. ஏன்?

நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்திருப்பீர்கள். சேற்றில் காற்று கிடையாது. உள்ளீடற்ற தட்டைகள், காய்ந்து நின்றாலும்கூட, கிழங்குக்குக் காற்றுக் குழாய். தண்ணீர் அதில் புகுந்தால் கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். அடுத்த பருவத்தில் நீர் எவ்வளவு உயரும் என்று பார்த்து, அதற்கு மேல் 20 சென்டிமீட்டராவது அடித்தட்டை நிற்கும்படி அறுக்க வேண்டும். ஆண்டுதோறும் கோடையில் ஒரே இடத்தை அறுத்தாலும் கிழங்கின் சேமிப்பு குறைந்து நாணல் மெலியும். இடம் மாற்றி அறுங்கள். கனமான இயந்திரமும் கிழங்கை நசுக்கும். அகலமான, காற்றழுத்தம் குறைந்த டயர்கள் தேவை.

கூரைக்கு எந்த நாணல்?

நேரான, இலை உதிர்ந்த, ஓராண்டு வயதுத் தட்டை. கட்டும்போது ஈரப்பதம் 18 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மிஞ்சினால் கட்டுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பழைய தட்டையையும் புல்லையும் உதறி எடுத்துவிடுங்கள், அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும். கூரைச் சரிவு 45 பாகைக்குக் குறைந்தால் மழைநீர் வடியாது. எவ்வளவு நல்ல நாணலும் அதைத் தாங்காது.

கோடை நாணலை எரிக்கலாமா?

வேண்டாம். அதில் குளோரினும் பொட்டாசியமும் அதிகம்; கொதிகலனை அரிக்கும், சாம்பல் உருகி ஒட்டும். 2 முதல் 5 சென்டிமீட்டராக நறுக்கி நிலப்போர்வையாக இடுங்கள், அல்லது சாணத்தோடு சேர்த்து மட்கவிடுங்கள். சாண எரிவாயுக் கலனுக்கு இன்னும் பொடியாக நறுக்க வேண்டும். நீளத் துண்டுகள் மிதந்து ஏடுகட்டும். ஆலைக் கழிவு சேரும் கரை என்றால், மண்ணில் இடுமுன் கன உலோகச் சோதனை கட்டாயம்.

பறவைகள்?

குஞ்சுகள் பறந்த பின்னரே கோடை அறுப்பு. பழைய நாணலில்தான் கூடு கட்டும் பறவைகள் உண்டு. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நாணல் பரப்பில் சில பகுதிகளைத் தொடாமல் விடுங்கள்.