டயாலிசிஸ் நோயாளிக்குப் பிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த ரத்தக்குழாய்) அடைத்துக்கொண்டால் திரும்பத் திறக்க முடியுமா, இல்லை கழுத்தில் கதீட்டர் என்கிற குழாய்தானா?

பெரும்பாலும் திறக்கலாம், சீக்கிரம் போனால். நாங்கள் ஒன்றரை நாள் விட்டுவிட்டுத்தான் போனோம்.

அப்பா தாராவியில் 30 வருடம் தையல்காரர். இடது மணிக்கட்டில் பிஸ்துலா. அதன்மேல் விரல் வைத்தால், மெஷின் ஓடும்போது தையல் மேசையில் கை வைத்த மாதிரி அதிரும். ஒரு சனிக்கிழமை டயாலிசிஸ் முடியும்போது பிரஷர் நன்றாக இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் கையைத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்கிவிட்டார். காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு, "மெஷின் நின்னுபோச்சுடா" என்றார். செவ்வாய்தான் அடுத்த டர்ன், அப்போது காட்டிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மடத்தனம். ரத்தக்கட்டி நாளாக ஆகக் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பொதுவாக இரண்டு நாளுக்குள் பார்த்துவிடச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அத்தை உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், நல்லவேளை, செய்யவில்லை. அந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது.

மனசு கேட்காமல் திங்கள் மாலையே கூட்டிப்போனேன். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கட்டி தெரிந்தது. ஊசி குத்தும் இடத்துக்கு மேலே, ரத்தம் திரும்பிப் போகும் சிரை சுருங்கியும் இருந்தது. நிஜக் குற்றவாளி அந்தச் சுருக்கம்தான். கட்டியை மட்டும் எடுத்தால் மறுபடி அடைக்கும். கையை மட்டும் மரத்துப்போக வைத்து, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, மருந்தால் கட்டியைக் கரைத்து, மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, சுருங்கின இடத்தில் பலூனை ஊதி விரித்தார்கள். மறுநாள் அதே கையில் டயாலிசிஸ் நடந்தது. சிலருக்கு அறுவை செய்து கட்டியை எடுப்பதும் உண்டு. இரண்டும் சரிப்படாவிட்டால்தான் கழுத்தில் கதீட்டர். அதில் தொற்று பயம் அதிகம். புது பிஸ்துலா ஊசி குத்தும் அளவுக்குத் தயாராக ஒன்றரை, இரண்டு மாதமாவது ஆகும்.

யோசித்துப் பார்த்தால் முன்னாடியே அறிகுறி இருந்தது. ஊசி எடுத்தபின் 10 நிமிடத்தில் நிற்கிற ரத்தம் இரண்டு வாரமாக அரை மணி நேரம் கசிந்தது. டயாலிசிஸ் மெஷினில் வீனஸ் பிரஷர் (ரத்தம் உடம்புக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம்) அலாரம் வேறு அடிக்கடி அடித்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்து கொஞ்சம் கூடியிருக்கும் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம்.

அப்புறம் ஒன்று, விரித்த இடம் திரும்பச் சுருங்குவது சகஜம். அப்பாவுக்கு ஏழாவது மாதமே மறுபடி பலூன் போட வேண்டி வந்தது. ஆனால் அந்தத் தடவை கட்டி எதுவும் இல்லை. ரத்தம் நிற்க 25 நிமிடம் ஆனதைப் பார்த்ததும் அன்றைக்கே டாப்ளர் எடுத்துவிட்டோம்.