“ஒரு குறையுமில்லை” என்னும் நோயாளியிடம் என்ன கேட்பது?

வணக்கம் சேர்,

நான் தாதியியல் முதுகலை மாணவி. நீரிழிவால் காலில் புண் வந்தவர்கள் அந்த வருத்தத்தோடும் கிளினிக்கோடும் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பதே என் ஆய்வு. கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தமிழ் பேசும் 7 பேரைப் பேட்டி கண்டுவிட்டேன். வேலைக்கு நடுவில், சீருடையோடு, வரிசையில் இருக்கும்போதே கேட்டேன். “இங்கே கிடைக்கும் சேவையில் திருப்தியா?” என்பது முதல் கேள்வி. “ஒரு குறையுமில்லை மிஸ், நல்லாப் பார்க்கிறாங்க” என்கிறார்கள். 12 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆழமில்லை என்கிறார் மேற்பார்வையாளர். இன்னும் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? வினாக்கொத்துக்கு மாறிவிடட்டுமா?

ம., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ம.,

மாற வேண்டாம். வினாக்கொத்துக் கொடுத்தால் அதே “குறையில்லை”யை இன்னும் நிறையப் பேரிடம் எண்ணி எடுப்பீர்கள், அவ்வளவுதான்.

அந்த வரிசையில் இருப்பவரின் நிலையைப் பாருங்கள். விடிய முன்னமே நம்பர் எடுக்க வந்தவர். வெறும் வயிற்றில் சீனி பார்ப்பதென்றால் முதல் நாள் இரவிலிருந்து 8 மணித்தியாலமாவது சாப்பிட்டிருக்க மாட்டார். இன்னும் டொக்டரிடம் காட்டவில்லை, மருந்தும் கைக்கு வரவில்லை. பக்கத்தில் மகனோ மருமகளோ. எதிரில் சீருடையில் நீங்கள். இலவசமாகக் கிடைக்கும் வைத்தியத்தைக் குறை சொன்னால் நன்றி கெட்டதாகிவிடுமே என்ற கூச்சம் வேறு. இந்த நிலையில் திருப்தியா என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்?

ஆகவே சாதாரண உடுப்பில் போங்கள். அவர் மருந்தும் வாங்கி, சாப்பிட்டும் முடிந்த பிறகு பேசுங்கள். அல்லது வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை அவரே சொல்லட்டும். வீடுதான் நல்லது என்று நீங்களாக முடிவு கட்டவேண்டாம். மாளிகாவத்தையிலோ மட்டக்குளியிலோ ஒற்றை அறை வீடென்றால் குடும்பமே கேட்டுக்கொண்டிருக்கும். “இது உங்கள் கிளினிக் கொப்பியில் ஏறாது, டொக்டரிடமும் போகாது” என்பதை வாயால் சொல்லுங்கள். படிவத்தில் இருப்பது போதாது. இடத்தையும் கேள்விகளையும் மாற்ற முன்னர் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் அனுப்பி அனுமதி எடுத்தே ஆகவேண்டும். முதல் 7 பேரை மறுபடி சந்திப்பதையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

இனிக் கேள்வி. அபிப்பிராயம் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். “இந்தப் புண்ணை முதல் எப்போது கண்டீர்கள்? அன்றிலிருந்து நடந்ததைச் சொல்லுங்கள்.” இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் நிறுத்தினாலும் ஐந்தாறு விநாடி பொறுங்கள். முக்கியமானது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். பிறகு கடைசியாகக் கிளினிக்குக்கு வந்த ஒரே ஒரு நாளை எடுத்துப் படிப்படியாகப் போங்கள்: எத்தனை மணிக்கு வெளிக்கிட்டார், எந்த பஸ், அந்தக் காலோடு எப்படி ஏறினார், யார் கூட வந்தது, அன்றைய சம்பளம் போனதா, இன்சுலினை எப்போது போட்டார், எப்போது சாப்பிட்டார், டொக்டர் என்ன சொன்னார், எந்த மொழியில் சொன்னார், விளங்காததை யாரிடம் கேட்டார். குறை சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த நாள் முழுதும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1970களின் இறுதியில் முன்வைத்த 8 கேள்விகளையும் பாருங்கள். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்போது வந்தது, எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள் என்று போகும். பயத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வையுங்கள். காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் புண்ணோடு வரும் பலரிடம் இருக்கும். அதை முதல் ஐந்து நிமிடத்தில் கேட்பது கொடுமை.

ஒலிப்பதிவை நிறுத்தியதும் பேச்சுச் சூடுபிடிப்பதுண்டு. “நீங்கள் இப்போது சொன்னதைக் குறித்துக்கொள்ளவா?” என்று கேட்டு, சரி என்றால் மட்டும் எழுதுங்கள்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 12 பேரைப் பேட்டி கண்டால் போதும் என்று சொல்பவர்கள், கெஸ்ட், பன்ஸ், ஜோன்சன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரையைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அங்கே கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களைப் பேட்டி கண்டார்கள்; முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. ஓரளவு ஒரே மாதிரியானவர்கள், ஒரே மாதிரியான கேள்விகள். உங்கள் வரிசையில் துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவரும் இருப்பார், வெள்ளவத்தையில் ஓய்வூதியத்தில் இருக்கும் ஆசிரியையும் இருப்பார். 12ஐச் சட்டமாக எடுக்கமுடியாது. யாரைத் தேர்ந்தீர்கள், ஏன் தேர்ந்தீர்கள் என்பதே முக்கியம். கிளினிக்குக்கு வராமல் நின்றுவிட்டவர்கள் இருவர் மூவராவது வேண்டும். வரிசையில் இருப்பவரை மட்டும் கேட்டால் வரிசையைத் தாங்கிக்கொண்டவர்களின் கதைதான் கிடைக்கும். பதிவேட்டிலிருந்து நீங்களாக நம்பர் எடுத்துவிடாதீர்கள். அனுமதி பெற்று, கிளினிக்கிலிருந்து ஒருவர் முதலில் அழைத்து, அவர் விருப்பம் கேட்கட்டும்.

ஒரு மணித்தியாலப் பதிவை எழுத 4 முதல் 6 மணித்தியாலம் போகும்; தமிழும் சிங்களமும் கலந்து வந்தால் இன்னும் கூட. எழுதியதைத் தமிழிலேயே வைத்துக் குறியிடுங்கள் (ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு பெயர் போடுவது), ஆய்வேட்டில் சேர்க்கும் மேற்கோளை மட்டும் ஆங்கிலமாக்குங்கள். “காத்திருப்பு”, “செலவு” என்று தலைப்புப் போட்டு அடுக்குவது பகுப்பாய்வு ஆகாது. “கேள்வி கேட்டால் அடுத்த முறை பார்க்கமாட்டார்களோ என்று சந்தேகத்தை விழுங்கிவிடுகிறார்கள்” என்பது கருப்பொருள். அப்படிப் பார்த்தால் அந்த முதல் 7 பேட்டிகளும் வீணில்லை. யார் முன்னால் “குறையில்லை” என்றார்கள், இரண்டாம் முறை என்ன சொன்னார்கள் என்பதையே ஒரு பகுதியாக எழுதலாம்.

பேட்டிக்கு நடுவே கால்விரல் கறுத்திருப்பதைக் கண்டால், காய்ச்சலோ பரவும் சிவப்போ இருந்தால், பதிவை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் நீங்கள் தாதி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். போக வழியில்லை என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இப்படிச் செய்வேன் என்பதையும் திருத்த விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.